முப்பதாவது பறவை

மார்ச் 8, ஞாயிறு

எவ்வுயிருள்ளும் வீற்றிருப்பவனே, இச்சிறு ஏட்டிலும் வந்தமர்ந்து என் கை பொய்யெழுதாமல் காப்பாயாக.

குடியிருப்பின் பின்புறப் புதர்வேலியை வெட்டிவிட்டு வண்டி நிறுத்துமிடம் அமைக்கப் போகிறார்களாம். இன்றைய குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் என் மனையாள் எழுந்து, "அதுல எத்தனை பறவை இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டாள். செயலாளர் சிரித்தார்.

"ஒரே நாள்ல முப்பது வகை எழுதிக் காட்டுங்கம்மா. வேலியைத் தொடமாட்டேன்."

அடுத்த ஞாயிறு எண்ணப் போகிறோம்.

மார்ச் 14, சனி

இருப்புக் கொள்ளவில்லை. மூக்குக்கண்ணாடியை நான்கு முறை துடைத்தாயிற்று.

மார்ச் 15, ஞாயிறு

என்ன நாள் இது! விடியலில் விளக்கடிச் சுவரெங்கும் அந்துப்பூச்சிகள். ஒன்று காய்ந்த இலை, ஒன்று சாம்பல்நிறப் பட்டு. இவை கணக்கில் சேராவே என்று வருந்தினேன். ஆறரைக்கெல்லாம் சம்பந்தி தொலைநோக்கியும் கேமராவுமாக வந்துவிட்டார். மைனா, கரிச்சான், கொண்டலாத்தி, தகைவிலான்... பிற்பகலுக்குள் இருபத்தொன்பது! அதன்பின் இரண்டு மணி நேரம் புதிதாக ஒன்றுமில்லை. வெயில் சாயும் வேளையில் பூங்கொத்தின் முன் சிறியதொன்று அந்தரத்தில் நின்று தேன் குடித்தது.

"தேன்சிட்டு! எழுதுங்க சம்பந்தி, எழுதுங்க!" என்று அவர் கூவினார்.

எழுதினேன். முப்பது! எழுபத்திரண்டு வயதில் துள்ளினேன் — முழங்கால் அதை இன்னும் மறக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

சம்பந்தி எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். தலையில் இரண்டு உணர்கொம்புகள். பறவைக்கு ஏது கொம்பு? அது பகலில் தேன் குடிக்க வரும் ஓர் அந்துப்பூச்சி.

"பார்த்தது நாம ரெண்டு பேர். வாயைத் திறக்காம இருந்தா முப்பது முப்பதுதான்," என்றார் சம்பந்தி.

வேலி பிழைக்குமே — ஒரு வரிதானே? அப்படியானால் நான் நாள்தோறும் ஓதுவதெல்லாம் யாருக்காம்?

மார்ச் 17, செவ்வாய்

செயலாளர் முன்னிலையிலேயே அந்த வரியை அடித்துக் கொடுத்தேன். அவர் பட்டியலை வெகுநேரம் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மனையாள் சொன்னாள்: "ஏங்க, நீங்க சொன்னது சரிதான். ஆனா எனக்கு வயிறு எரியுதுங்க." எனக்கும்தான்.

மார்ச் 20, வெள்ளி

மாலையில் செயலாளர் தனியே வந்தார். "அந்தப் பூச்சி எங்க வரும்?" அழைத்துச் சென்று நிறுத்தினோம். கால்மணி நேரம் கழித்து அதே அந்துப்பூச்சி பூவின் முன் வந்து நின்றது. செயலாளர் திடீரென்று என் தோளைப் பற்றிக்கொண்டு, "ஐயா! இது தேன்சிட்டேதான்யா!" என்று கத்தினார்.

"வாங்க, எங்க கட்சியில ஆள் சேர்ந்தாச்சு!" என்றார் சம்பந்தி. மனையாள் சிரித்த சிரிப்பில் மைனாக்கள் பறந்தே போயின.

போகும்போது செயலாளர் தணிந்த குரலில் சொன்னார்: "முப்பதுன்னு நீட்டியிருந்தா ஒன்னையும் நம்பியிருக்க மாட்டேன். நீங்க ஒன்னை அடிச்சீங்க பாருங்க, மீதி இருபத்தொன்பதையும் நம்பிட்டேன்."

மார்ச் 23, திங்கள்

வண்டிகளுக்கான வெள்ளைக்கோடுகளை முன்வாசல் பக்கம் போடுகிறார்கள். சுண்ணாம்பு வாளியின் விளிம்பில் ஒரு கரிச்சான் அமர்ந்து மேற்பார்வை பார்க்கிறது.

என்றேனும் இவ்வேட்டைத் திறப்பவரே, நீரும் உம் இல்லத்தாரும் நலமே வாழ்க. உம் வீட்டோரம் சிறகுகளுக்கு ஓரிடம் என்றும் இருப்பதாக.