ஆறாவது துணி

இன்று ட்ரோன் பெட்டியைத் திறந்ததும் உன் துணிகளின் கவிச்சி வாடை வந்தது. மேலிருந்து எடுக்கும் படத்தைத் தரையோடு சரியாகப் பொருத்துவதற்காக நாம் விரிக்கும் அடையாளத் துணிகள். வெள்ளைத் துணியில் கறுப்பாக ஒரு பெருக்கல் குறி. கடற்காற்றில் பறக்காமலிருக்க, உன் அப்பாவின் பழைய வலையிலிருந்து ஈயக்குண்டுகளை அறுத்து மூலைகளில் வைத்துத் தைத்திருந்தாய். ஆறு தைத்தாய். பெட்டியில் ஐந்துதான் இருக்கின்றன.

கோட்டுச்சேரிமேட்டுக்கும் திருவேட்டக்குடிக்கும் இடையே மனை போடப்போகிறார்கள் என்றதும் தொல்லியல் அலுவலகத்திலிருந்து நம் இருவரையும் அனுப்பினார்கள். பழைய குடியிருப்பு புதைந்திருக்கும் இடத்தை நாம் வரைபடத்தில் காட்டினால், அதை மட்டும் விட்டுவைப்பார்கள். முதல் நாள் படத்திலேயே மூன்று நீள்சதுரங்கள் வெளிறித் தெரிந்தன. புதைந்த செங்கல்மேல் புல் சரியாக வளராது, ஆகவே சுவர்தான் என்று நான் குதித்தேன். மீனவர் ஊரான கருக்களாச்சேரியில் பிறந்த நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"செவுராவது ஒண்ணாவது! அது வலை காயப்போடுற எடம்டி. வருசக்கணக்கா ஒரே எடத்துல போட்டா புல்லு எப்புடி மொளைக்கும்?"

தெற்கே முட்செடி மண்டிய மேட்டுக்கு என்னை இழுத்துப் போனாய். குனிந்த இடமெல்லாம் பழங்காலத்துக் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள். "மேலேருந்து பாத்தா வெறும் முள்ளு. நடந்து பாரு, கால்ல குத்தும்." படத்தில் தெரியாததை எப்படிக் காட்டுவது என்று நான் முறைத்துக்கொண்டேன். மறுநாள் பறக்கவிட்டபோது, என்னைக் கேட்காமல் அந்த மேட்டில் ஆறாவது துணியை விரித்துவிட்டு வந்தாய். வேண்டாத குறி என்று நான் அதை ஒதுக்கினேன். நீள்சதுரங்களைச் சுற்றி எல்லை வரைந்து அனுப்பினேன்.

பிறகு நீ படுத்துவிட்டாய். மருத்துவமனையில் கேட்டாய்: "மேட்ட மேப்புல சேத்துட்டியா?"

"சேத்தாச்சு" என்றேன். நான் உன்னிடம் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று எழுத ஆசை. அப்படி எழுதினால் அதுவும் பொய்.

நீ போன பிறகு அங்கே போனேன். மேட்டைச் சமன் செய்து மனைக்கல் நட்டிருந்தார்கள்; உன் துணியைக் காணோம். வலை காயும் இடத்தைச் சுற்றி, என் வரைபடத்தை நம்பி, கம்பி வேலி. சாலையோரம் வலையை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "உள்ள அப்புடி என்னதாங்க இருக்கு?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. வேலியை எடுத்துவிடலாம், தவறு என்னுடையது என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

நேற்று, நீ ஆறாவது துணியை விரித்த அன்றைய படங்களைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினேன். முள்ளுக்கு நடுவே உன் துணி, பெருக்கல் குறியோடு. அதை வைத்து மேட்டை வரைபடத்தில் சேர்த்துவிட்டேன். பக்கத்தில் 'இப்போது இல்லை' என்று எழுத வேண்டியிருந்தது.

இன்று வேறொரு கடற்கரையில் வேலை. துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை மூடிவிட்டேன், செருப்பையும் கழற்றிவிட்டேன். முதலில் நடக்கப் போகிறேன். காலில் குத்தும் இடத்தில் உன் துணி ஒன்றை விரிப்பேன்.