இரண்டு ராடிலும் பொட்டு

நாள் 212, காலை 07.40
செவ்வாய், வட தளம். எழுதுபவன் அர்த்தநாரி, மண் அள்ளும் லோடர் வண்டிக்கு மெக்கானிக். திருச்செங்கோட்டுக்காரன், முன்பு போர்வெல் ரிக் வேலை. இங்கே நான் ஒருவன்தான். ஆறு பேர் வருவதற்குள் தங்கும் கூடத்தின் கூரைக்கு ஆறடி மண் போட வேண்டும். இரண்டடி ஆயிற்று. லோடர் நலம்.
இன்று ஆயுத பூஜை. குங்குமம் இல்லை. சிவப்பு மண்ணைக் கிரீஸில் குழைத்து லோடருக்குப் பொட்டு வைத்தேன். பக்கெட்டைத் தூக்கும் சிலிண்டரில் பளபளவென்று இருந்த ராடையும் விடவில்லை. கும்பிட்டுத் திரும்பினால் பொரி கொடுக்க ஆளில்லை.

நாள் 219, மாலை 16.10
தூக்கி நிறுத்திய பக்கெட் தானாக இறங்குகிறது. ராடில் கோடு போட்டுப் பார்த்தேன்: பத்து நிமிடத்தில் நான்கு விரற்கடை. ஓஸ், வால்வு, ஆயில் எல்லாம் சரி. வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. உள்ளே ஆயிலைக் கசியவிடாமல் பிடிக்கும் வளையம், பிஸ்டன் சீல்தான் போயிருக்கிறது. பக்கெட்டுக்கு முட்டுக் கொடுத்த பிறகே அடியில் நுழைந்து பார்த்தேன். ரிக் காலத்துப் பழக்கம்.

நாள் 220, காலை 09.25
இடது சிலிண்டரைப் பிரித்தேன். சீல் முழுக்கச் சிவப்பு மணல். எங்கிருந்து வந்தது என்று அரை மணி நேரம் யோசித்தேன், முட்டாள். ராடு உள்ளே போனபோது என் பொட்டும் கூடவே போயிருக்கிறது. இருந்த ஒரே புதுச் சீலைப் போட்டேன்.

14.00
இன்னும் இறங்குகிறது. வலது சிலிண்டர். அதற்கும்தான் வைத்தேன், ஒன்றுக்கு வைத்துவிட்டு இன்னொன்றை விடுவார்களா?

14.30
பூமியிலிருந்து, கட்டுப்பாட்டு அறை மரகதவல்லி: "அண்ணா, சூரியப் புயல் கெளம்பிருச்சுங்க. நாளைக்கு மத்தியானம் அங்க வந்துருமுங்க. கூரைல ஆறடி மண்ணு இல்லீன்னா உள்ள இருந்தாலும் ஆபத்துங்க."

நாள் 221, காலை 06.30
பக்கெட் மூன்றடிக்கு மேல் ஏறவில்லை. கூரையோ பத்தடி. மண்ணை மேலே ஏற்ற முடியாவிட்டால் நான் கீழே இறங்க வேண்டியதுதான். ஆறடி நீளம், இரண்டடி அகலத்தில் குழி. மண் நிறைந்த பக்கெட்தான் மூடி. லீவரைப் பிடிக்க ஆள் வேண்டாம். தூக்கிவிட்டு நான் போய்ப் படுத்தால், கசிவே இறக்கி மூடிவிடும்.
வெளியே வரத்தான் ஆள் வேண்டும். இங்கே ஆள் இருக்கும் மற்றொரு இடம் தென் தளம்தான்; அங்கிருந்து வண்டி இரண்டு நாளில் வருமாம். என் உடையில் காற்று மூன்று நாளுக்கு இருக்கிறது.

11.05
திட்டத்தைப் பூமிக்குச் சொல்லிவிட்டுக் குழியில் படுத்துவிட்டேன். இனி குரல் பதிவு, பக்கெட் மூடி அலையை மறைக்கும் வரை. முட்டுக் கொடுக்காமல் பக்கெட்டுக்கு அடியில் வந்தது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. பயமாக இருக்கிறது. அதைச் சொல்லக்கூடப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

11.34
மரகதவல்லி: "அண்ணா, குழிக்குள்ள எறங்கீராதீங்க. தென் தளத்து வண்டி இன்னும் பொறப்படவே இல்லீங்க. புயல் ஓயறதுக்கே நாலு நாளாகுமாமுங்க. வேற ரோசன பண்ணலாமுங்க. கேக்குதுங்களாண்ணா?"
கேட்கிறது அம்மணி. நீ சொன்னது பூமியிலிருந்து இங்கே வந்து சேரவே பதினான்கு நிமிடம் ஆகிவிட்டது. இப்போது கை மட்டும்தான் வெளியே போகும்.

11.41
வெளிச்சம் ஒரு விரற்கடை.
கண்டெடுப்பவருக்கு. சிவப்புக் கைப்பிடி லீவரை மேலே இழுங்கள். பக்கெட் ஏறியதும் முட்டுக் கொடுங்கள், தானாக நிற்காது. அதற்கான இரும்புத் தூண் குழியின் தலைமாட்டில் இருக்கிறது. என்னைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வலது சிலிண்டருக்குச் சீல் வேண்டும். அடுத்த ஆயுத பூஜைக்கு ராடில் மட்டும்