வலையிலிருந்து வீசிய மீன்

பிப்ரவரி 9, ஞாயிறு

காட்டில் பிழைத்திருப்பது எப்படி என்ற என் வகுப்பை இன்று பிள்ளைச்சாவடி கடற்கரையில் நடத்தினேன். நான் காட்டைப் பார்த்தது புத்தகங்களில்தான். "இயற்கையில் எதுவும் கழிவல்ல" என்றேன். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் அந்துவான் அதைக் குறித்துக்கொண்டார். மீனவர்கள் மணலில் வீசியிருந்த இரண்டு குண்டு மீன்களைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். மற்றவர்களைக் கைதட்டச் சொன்னேன்.

மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண் என்னைக் கூப்பிட்டார். "அந்தாளு எதுக்கு சார் பேத்த மீன எடுத்துட்டுப் போறாரு? அது விஷம். காக்கா கூட கொத்தாது."

உடனே போன் செய்திருக்கலாம். வீட்டுக்கு வந்து, புத்தகத்தில் சரிபார்த்த பிறகுதான் செய்தேன். அந்தப் பெண் சொன்னது சரி.

அந்துவானின் மனைவி எடுத்தார். "எனக்குக் கூட வைக்கல சார், அவரே சாப்ட்டுட்டாரு. உதடுதான் மரத்துப் போச்சுன்றாரு."

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்துவானுக்குச் செயற்கை சுவாசம் வைத்திருக்கிறார்கள். காலை வரை எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தம்மா டாக்டரை விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்க படிச்சவங்க. பயப்பட ஒண்ணுமில்லையே சார்?"

ஒன்றுமில்லை என்றேன். அதை எந்தப் புத்தகத்திலும் சரிபார்க்கவில்லை.