லேமினேஷனுக்குள் ஐயர் தாத்தா

ஜூலை 12, சனி

காலையிலேயே ஈரக்காற்று. ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்த்து ஒழுகுகிறது. பால்கனியில் போட்ட துணி காயாமல் மறுபடி நனைகிறது.

யூனிஃபார்ம் துவைக்க. ஷூ தைக்க. அம்மாவின் பிரஷர் மாத்திரை, ஊருக்குப் போகிற யாரிடமாவது.

தம்பி சாமு போன். பகலில் கூப்பிடுகிறவன் இல்லை. பெரியப்பா மகன் ஜெபராஜ் எங்கள் வீட்டின்மேல் கேஸ் போட்டிருக்கிறானாம். ஐயர் தாத்தா வாங்கியதெல்லாம் மூத்த மகன் வழிக்குத்தானாம். அம்மா காலி பண்ண வேண்டுமாம்.

"அக்கா, ஒரிஜினல் பத்திரம் உங்கிட்டதான இருக்கு? வக்கீல் கேக்காரு."

"பத்திரமா இருக்கு டே. லேமினேட் பண்ணில்லா வச்சிருக்கேன்."

"லேமினேட்டா?" என்று இரண்டு தரம் கேட்டான். அப்புறம், "எதுக்குக்கா?"

எதுக்கா! டிகிரி, நர்சிங் சர்டிபிகேட், ஞானஸ்நானச் சீட்டு, எல்லாவற்றையும் இங்கே துபாயில் அப்படித்தானே வைத்திருக்கிறேன். அப்பா போன பிறகு கரையான் ஏறிய டிரங்குப் பெட்டியிலிருந்து பத்திரத்தை அம்மாதான் எடுத்துத் தந்தாள். "உங்கிட்ட இருந்தாதான் தங்கும் ட்டீ." அல் குசைஸில் விசா பேப்பர் அடித்துக் கொடுக்கிற டைப்பிங் சென்டர் ஆள், பத்திரத்தின் இரண்டு தாளையும் முதுகோடு முதுகு வைத்து ஒரே கவரில் போட்டால் தொலையாது என்றான். அச்சா, அச்சா என்று தலையாட்டியது நான்.

ஜூலை 13, ஞாயிறு

டூட்டி முடிந்து வக்கீலோடு வீடியோ கால். பத்திரத்தைக் கேமராவுக்கு நேரே பிடித்தேன். "பின்பக்கம் காட்டுங்கம்மா" என்றார். பின்பக்கம் எங்கே இருக்கிறது? இரண்டு பின்பக்கமும் உள்ளே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடக்கின்றன.

அங்கேதான் எல்லாம். ஐயர் பாட்டி ஞானம்மாள், வீடு இளைய மகனுக்கு என்று எழுதிப் போட்ட கையெழுத்து. சாட்சிகளின் கீறல். நாங்கள் இளையவர் வழி. பதிவு ஆபீஸில் அந்தக் காலத்துப் புத்தகம் செல்லரித்துப் போயிற்றாம். வேறு நகல் கிடையாது.

ஜெபராஜ் தரப்பில் இதற்குள் பேச்சைக் கிளப்பிவிட்டார்களாம்: "அது துபாயில அடிச்ச கலர் ஜெராக்ஸ்."

பாவி. சின்ன வயதில் என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றவன்.

ஐயர் தாத்தாவின் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். அவையும் பிளாஸ்டிக்குக்குள். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்பார்கள். இவரை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளுக்கு ஊழியம் செய்ய அனுப்பினார்கள். திரும்பவில்லை. காய்ச்சல், அங்கேயே அடக்கம். கடைசிக் கடிதத்தில் பாட்டிக்கு: "வீட்டை உன் பேரில் வாங்கியிருக்கிறபடியால் ஒருவரும் உன்னை இறக்க ஏலாது. பயப்படாதே."

பயமாக இருக்கிறது தாத்தா.

ஜூலை 15, செவ்வாய்

லீவு கேட்டேன். இன்சார்ஜ் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாஃபி லீவ். ஆகஸ்ட் கே பாத்." ஆகஸ்ட் முடிகிறவரை லீவே கிடையாதாம், கலாஸ், பேச்சு முடிந்தது. பாத்ரூமில் போய் அழுதேன். முகம் கழுவி ஆறாம் அறை ஐயாவுக்கு டிரெஸ்ஸிங் மாற்றினேன்.

பத்திரத்தில் கை வைக்குமுன் வேறு எதையாவது பிரித்துப் பார்க்க வேண்டும். எதைப் பலி கொடுப்பது? தாத்தா கருப்பட்டி கேட்டு எழுதிய கடிதத்தை எடுத்தேன். ஹேர் டிரையரில் சூடு காட்டி இழுத்தேன். தாள் இரண்டாக உரிந்தது. எழுத்து பிளாஸ்டிக்கோடு போயிற்று. கையில் வெறும் பஞ்சு.

ரூம்மேட் சிவகாமி இலங்கை ஹட்டன்காரி, தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள். எங்கள் கிளினிக்கில் கிளீனிங். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா, எங்க லயத்து ஆளுக்கெல்லாம் ஜெபம் பண்ணுன மனுசனுக்கு ஒரு கருப்பட்டி கூட அனுப்பலியா உங்க வீட்ல?"

சிரித்துவிட்டேன். அப்புறம் அவள்தான் சொன்னாள்: "ஏன் உரிக்கிறீங்க? பத்திரம் ரெண்டு தாள்தானே. ஓரத்த வெட்டி நடுவுல தொறங்க."

ஆமாம். முதுகுப் பக்கம் பசையே இல்லையே! ஆனால் பூச்சி அரித்த ஓட்டைகள். அது வழியாகப் பசை உருகி இரண்டு தாளும் அங்கங்கே ஒட்டியிருக்கும். கவரை மறுபடி அலமாரியில் வைத்தேன். இன்று வேண்டாம்.

ஜூலை 16, புதன்

அம்மா. போனில் குரல் தேறுதலாகத்தான் இருந்தது, அதுவே சரியில்லை.

"ஜெபராஜ் வந்தான் ட்டீ. பிஸ்கட்டு வாங்கிட்டு வந்தான்."

"அவன எதுக்கு உள்ள விட்ட?"

"உங்க பெரியப்பா மவன வாசல்ல நிறுத்தவா முடியும்?" பிறகு, "கள்ளப் பத்திரம்னு கேஸ் போட்டா வெளிநாட்டுல உள்ளவங்களுக்குப் பாஸ்போர்ட்டு போயிருமாமே?"

"அவன் கெடக்கான். ஒண்ணும் ஆவாது."

"சரி. நீ சாப்டியா?"

லேமினேஷன் விஷயம் இன்னும் அம்மாவுக்குத் தெரியாது. சொல்ல வாய் வரவில்லை. பிரித்துவிட்டு, நல்ல செய்தியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 17, வியாழன்

மத்தியான டூட்டி. காலை முழுக்க என் கையில்.

சர்ஜிக்கல் பிளேடு, புதுசு. சிவகாமி டார்ச் பிடித்தாள். கர்த்தாவே என்று சொல்லி ஓரத்தை வெட்டினேன். வயசாளிகள் தோலிலிருந்து பிளாஸ்டர் எடுக்கிற மாதிரிதான். இழுக்கக் கூடாது, தாளை அமுக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாய். ஒட்டிய இடத்தில் பிளேடைப் படுக்கப் போட்டு அறுத்தேன். ஒரு சாட்சியின் பேரில் பாதி போயிற்று. முத்திரை வந்தது. கீறல்கள் வந்தன. கடைசி மூலையில், மை பழுத்து, ஞானம்மாள். முழுசாக. புள்ளி கூட சிதையாமல்!

சிவகாமி கை தட்டினாள். நான் பிளேடைக் கீழே வைத்தேன். போட்டோ எடுத்துச் சாமுவுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"பாத்தியா டே? பாட்டி கையெழுத்து பாத்தியா?"

"பாத்தேன்க்கா, பாத்தேன்."

"என்ன டே?"

"அம்மா காலையில ஜெபராஜ் கார்ல ஏறிப் போயிட்டாவக்கா. ரெஜிஸ்டர் ஆபீஸுக்கு. வீட்ட அவனுக்கு விட்டுக்குடுத்துக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வந்திருக்காவ. எனக்கு இப்பதான் தெரியும்."

"எதுக்கு? எதுக்குடே போட்டா?"

"வீடு போனா போட்டும், பிள்ள வேல போயிரக்கூடாதுன்னு சொல்லுதாவ."

அம்மாவிடம் குடு என்றேன். போன் கை மாறுகிற சத்தம். அம்மாவின் மூச்சு.

"சாப்டியா ட்டீ?"

சாப்பிட்டேன் என்றேன். கீழே கிளினிக் பஸ் ஹாரன். பத்திரம் கட்டிலில் திறந்தபடி. ஏ.சி. காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஷூவை வைத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, டூட்டிக்குப் போட்டுக்கொள்ள அது வேண்டும்.