மின்சிட்டுச் சத்தம்

பிப்ரவரி, ஞாயிறு இரவு

காலையில் நானும் அவரும் நரேந்திரபூர் பறவைக் காட்டுக்குப் போனோம். கல்யாணமான நாளிலிருந்து எந்தப் பறவையையும் முதலில் கண்டுபிடிப்பது அவர் காதுதான். கண் அதற்கு அப்புறம்தான்.

மாமரத்தடியில் நின்றிருந்தோம். தலைக்கு மேலே மின்சிட்டுகள் கூட்டமாகக் கீச்சிட்டுக்கொண்டு வந்தன. அவர் நிமிரவே இல்லை. "இன்னிக்கு என்னவோ காடு ஒரே அமைதியா இருக்கு" என்றார்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் அவை பறந்துவிட்டால் பார்ப்பதும் போய்விடுமே.

"மேல மின்சிட்டு கத்துது. உங்களுக்குக் கேக்கலையா?"

கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் கையில் எடுத்தார். பிறகு, "எந்தப் பக்கம்?" என்றார். தோளைப் பிடித்துத் திருப்பினேன். பைனாகுலரை இறக்கவே மனசில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் அவரே ஆரம்பித்தார். "அக்டோபர்ல பூஜை சமயத்துலேர்ந்தே சந்தேகம்தான். உன்கிட்ட சொல்லப் பயமா இருந்துது."

"டாக்டர்கிட்ட போலாம்" என்றேன் சத்தமாக.

"போலாம். அதுவரைக்கும் கேக்கறதை நீ பாத்துக்கோ. தேடறதை நான் பாத்துக்கறேன்."

சரி என்றேன். ஆட்டோ இரைச்சலில் அது அவர் காதில் விழுந்ததோ என்னவோ, என் கையைப் பிடித்துக்கொண்டார்.