மூன்று ஸ்பிரிங்குகள்

மார்ச் 3, திங்கள்

சுபாவின் மிஸ்டு கால் இன்று வெகுநேரம் வரவில்லை. தக்காளி லோடுடன் தொப்பூர் கணவாய் இறங்கியதும் அவள் ஒன்று கொடுப்பாள். நான் பதிலுக்கு ஒன்று கொடுப்பேன். அவ்வளவுதான், பேச்சு கிடையாது. என் மகள் லாரி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

மாலையில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்: “இறக்கத்துல மூணாங் கியர் தானா கழண்டு வந்துடுச்சுப்பா. பிரேக்கு புடிச்சுது, தப்பிச்சேன்.” எப்படிச் சிரிக்கிறாள்? எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளை வண்டியை மெக்கானிக் ராஜாமணியின் ஷெட்டில் விடுகிறாள்.

மார்ச் 4, செவ்வாய்

நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து ஷெட்டுக்கு நடந்து போகலாம். கழற்றும் பாகங்களைக் கழுவ ஆள் இல்லை என்றார் ராஜாமணி. “எங்கப்பாவ உக்கார வைங்கண்ணா. அவர் கழுவுற டம்ளர்ல மூஞ்சி பாத்துத் தலை சீவலாம்” என்றாள் சுபா. கேலியா, பாராட்டா?

ராஜாமணி உரத்த குரல்காரர். “இந்த ஜில்லாவுல நான் பிரிக்காத கியர் பாக்ஸ் கெடையாதுங்க சார்” என்று சொல்லிக்கொண்டே பிரிக்கிறார். வெறும் பெருமையடிப்பு என்று நினைத்தேன். இல்லை. அந்தக் கைகளின் வேகத்தைப் பார்க்க வேண்டும். பேரிங்கைக் காதருகே வைத்துச் சுற்றினார். நல்லது என்று ஒரு பக்கம் வைத்தார். யாரோ ஒருவரின் காதணி விழா பேனரைத் திருப்பிப் போட்டு, கழற்றக் கழற்ற வரிசையாக அடுக்கினார். மூன்றாம் கியரின் பித்தளை வளையம் தேய்ந்திருந்தது. “இதான் திருடன்” என்று எனக்குக் காட்டினார்.

நான் டீசலும் தூரிகையுமாக உட்கார்ந்தேன். கருப்பு எண்ணெய் போகப் போக உள்ளிருந்து வெள்ளி வருகிறது. சாய்ந்த பற்கள், ஒவ்வொன்றும் அடுத்ததைப் போலவே. முப்பத்தைந்து வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தினேன். செடிகளில்கூட இத்தனை ஒழுங்கைப் பார்த்ததில்லை.

மார்ச் 5, சாம்பல் புதன்

காலைப் பூசை முடிந்து நேராக ஷெட். ராஜாமணி அரூர் பக்கம் நின்றுபோன வண்டியைப் பார்க்கப் போயிருந்தார். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, இனம் இனமாகப் பிரித்து வைத்தேன். வளையங்கள் ஒரு பக்கம், வாஷர்கள் ஒரு பக்கம், ஸ்பிரிங்குகள் ஒரு பக்கம், எல்லாம் சிறியதிலிருந்து பெரியதாக. அழகாக இருந்தது.

திரும்பி வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ சாருங்க! தேர்த் திருவிழாக் கடை மாதிரி பரப்பிட்டீங்களே! கழட்டுன வரிசையிலதானே திரும்ப மாட்டணும்!”

பழைய புத்தி. உலர்ந்த செடிகள் ஒட்டிய தாள்களை இனம் பிரிப்பதுபோல் பிரித்துவிட்டேன். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கண் கலங்கிவிட்டது. அவர் கவனித்திருக்க வேண்டும். “நெத்தியில சாம்பல், கையில கரி. இன்னிக்கு சாருக்கு எல்லாமே கருப்புதான்” என்று சிரித்துவிட்டு உட்கார்ந்தார். தேய்ந்த தடத்தை விரலால் தடவித் தடவி, எது எதோடு உரசியது என்று ஒவ்வொன்றாக ஜோடி சேர்த்தார். ஒரு திட்டு இல்லை. என்ன மனிதர்!

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கியர் ராடுகளை நகராமல் பிடிக்கும் இரும்புக் குண்டுகளுக்குப் பின்னால் மூன்று ஸ்பிரிங்குகள் உண்டு. உயர வரிசையில் நிறுத்தியபோது ஒன்று குட்டையாகத் தெரிந்தது. இந்தக் கூத்துக்குப் பிறகு எந்த முகத்தோடு சொல்வது?

மார்ச் 6, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. குட்டையாகவே செய்திருப்பார்களோ? என் மூக்குக் கண்ணாடியும் பழையது. புது வளையம் வந்துவிட்டது. நாளைக் காலை மூடுகிறார்.

சுபா மறுபடி அந்த இறக்கத்தில்—

மார்ச் 7, வெள்ளி

மூடியைக் கையில் எடுத்துவிட்டார். கிட்டே போனேன். “ராஜாமணி... ஒரு சந்தேகம். தப்பாக இருந்தால் மன்னிக்கணும். ஒரு ஸ்பிரிங் குட்டையாகத் தெரிந்தது.”

அவர் மூன்று ஸ்பிரிங்குகளையும் வெளியே எடுத்து மேசையில் நிறுத்தி, மேலே ஒரு இரும்புப் பட்டையை வைத்தார். பட்டை ஒரு பக்கம் சரிந்தது. ராஜாமணி குட்டையானதை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார். குரல் தாழ்ந்து வந்தது.

“மூணும் ஒரே உசரம் இருக்கணும் சார். ரிங்கு தேஞ்சிருந்துச்சா, அதோட விட்டுட்டேன். இப்பிடியே மூடியிருந்தா மறுபடியும் அதே எடத்துல கழண்டிருக்கும்.” பிறகு பழைய குரல் வந்துவிட்டது. “எது எந்த ராடுதுன்னு இனி சாமிக்குத்தான் தெரியும், நீங்கதான் கலக்கிட்டீங்களே! ஆனா கலக்காம இருந்திருந்தா பக்கத்துல பக்கத்துல வெச்சு யாரு பாத்திருப்பா? மூணையும் புதுசா போட்டுருவோம். நேத்தே சொல்றதுக்கென்னங்க?”

“பயம்.”

“எம்மேலயா? நானே என் வூட்டுக்காரிக்குப் பயந்தவன் சார்!”

தன் பிழையை இத்தனை சத்தமாக ஒத்துக்கொள்ள எனக்கு வருமா?

மார்ச் 10, திங்கள்

சுபா காலையில் லோடு ஏற்றிப் போனாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். வந்தது.

மார்ச் 19, புதன்

ஷெட்டில் ஒரு டிப்பர் கியர் பாக்ஸ் பிரித்திருக்கிறார்கள். நானாகவே போனேன். காதணி விழா பேனரில், கழற்றிய வரிசை கலையாமல், ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி அதனதன் இடத்திலேயே வைத்தேன். ஸ்பிரிங்குகளை மட்டும் ராஜாமணியே என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். “பாருங்க சார்.” பார்த்தேன். சரியாக இருந்தன. அப்படியே சொன்னேன்.

கை கழுவிவிட்டு ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தபோதுதான் போன் ஞாபகம் வந்தது. சுபாவிடமிருந்து ஐந்து அழைப்புகள். கூப்பிட்டேன்.

“எறங்கி எவ்ளோ நேரமாச்சு! திருப்பி அடிக்கவே இல்லையேப்பா, என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன்.”

கையெல்லாம் டீசல் என்றேன்.