கோபத்துக்கு ரத்தப் பரிசோதனை

மார்ச் 4
பள்ளியில் மனநல ஆலோசகர் நான், சம்பளமே பொறுமைக்குத்தான். இன்று ஒரு பெற்றோரிடம் எரிந்து விழுந்தேன். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் இடம் ஒதுக்கிக்கொண்டு அறிக்கை எழுத வேண்டும். என் அறையில் கொழுந்தன். பதினைந்து நாள் என்று வந்தவன், பதினாலு மாதம் ஆகிறது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 9
கத்திவிட்டேன். "என் ரூமை எனக்குக் குடுங்க." தட்டை வேறு எறிந்து உடைத்தேன். கொழுந்தன் பெட்டியை அடுக்கத் தொடங்கினான். எனக்குக் கை நடுங்குகிறது. அப்பாவும் இப்படித்தான் தட்டை எறிவார். அவர் கோபம் எனக்குள் இறங்கிவிட்டதா? சிறு வயது, பயம் என்று நாலு பக்கம் எழுதிப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்துகிறது.

மார்ச் 10
தூக்கம் இல்லை. யானைப் பசி, ஆனால் எடை குறைகிறது.

மார்ச் 12
பள்ளி நர்ஸ் கையைப் பிடித்துப் பார்த்தார். "சும்மாதான உக்காந்திருக்கீங்க, நாடி நூத்திப் பதினெட்டு ஓடுது. தைராய்டு பாத்தீங்களா?"
பிள்ளை சிடுசிடுக்கிறது என்று யார் வந்தாலும் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறவள் நான். எனக்கு என்றதும் அப்பாவை இழுத்திருக்கிறேன். பாவம் அந்த மனுஷன்.

மார்ச் 15
தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறதாம். கணவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அதான பாத்தேன். நீ பேசல, உன் தைராய்டு பேசிருக்கு."
கொழுந்தன் சட்டைகளை மறுபடியும் என் அலமாரியில் மாட்டுகிறான். "பரவால்ல அண்ணி, நான் மனசுல வச்சுக்கல" என்றான். இவன் என்னை மன்னிக்கிறானாம்.
தட்டை உடைத்தது சுரப்பி, சரி. அறையைக் கேட்டதும் அதுதானா? எனக்கே தெரியல. நெஜமா தெரியல. பயமா இருக்கு.

ஏப்ரல் 20
நாடி தொண்ணூறு. அறை வேண்டும் என்றுதான் இன்னும் தோன்றுகிறது. இப்போது சொன்னால் மருந்து பத்தவில்லை என்பார்கள். ரத்தம் சரியாகட்டும்.

ஜூன் 28
எல்லா அளவும் சரியாகிவிட்டது. நாடி எழுபத்திரண்டு. காலையில் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னேன்: "என் ரூம் எனக்கு வேணும்."
"மாத்திரை போட்டியா?"
"போட்டுட்டேன். டெஸ்டும் நார்மல்."
அவர் பேப்பரை மடித்து வைத்தார்.
"எப்பலேர்ந்து உனக்கு இது கஷ்டமா இருக்கு?"
"உங்க தம்பி வந்த அன்னைலேர்ந்து" என்றேன்.